காசு கொடுத்த ரத்தம், இலவச ரத்தம்: ஒரு சட்டக் கோட்டின் கதை

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஏற்றிய ரத்தத்தால் ஒருவருக்கு எச்.ஐ.வி. வந்துவிடுகிறது. இழப்பீடு கேட்டு அவர் எந்த கோர்ட்டுக்குப் போகலாம்?

பதில் அவருடைய உடம்பையோ, தவறு யாருடையது என்பதையோ மட்டும் பொறுத்தது இல்லை. அவர் பில் கட்டினாரா, இல்லையா என்பதையும் பொறுத்தது. பல்லாவரத்தில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் காசு கட்டிப் படுத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றிருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், அந்தக் கதவு மூடித்தான் இருக்கும். ரத்தம் ஒன்று, கிருமி ஒன்று, வாசல் மட்டும் வேறு. இந்தக் கோடு எப்போது, யாரால் போடப்பட்டது என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

சானடோரியம்

கதையைத் தாம்பரத்திலிருந்து தொடங்குவதுதான் சரி. கடற்கரை லோக்கலில் போகிறவர்களுக்கு ‘சானடோரியம்’ என்பது ஒரு ஸ்டேஷன் பெயர். அந்தப் பெயரைக் கொடுத்த ஆஸ்பத்திரியை 1928ல் ஆரம்பித்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். 1914ல் கணிதமேதை ராமானுஜன் கப்பலில் இங்கிலாந்து போனபோது இவர் சகபயணி. மூன்று வருஷம் கழித்து ராமானுஜன் நோயில் விழுந்தபோது, கொஞ்ச காலம் இவருடைய சானடோரியத்தில்தான் இருந்தார்.

மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் வைத்தியம். ஊருக்கு வெளியே மரங்கள் அடர்ந்த இடம் தேவைப்பட்டது. தாம்பரம் அப்போது ஊருக்கு வெளியே இருந்தது. 1937ல் அரசு இந்த ஆஸ்பத்திரியை எடுத்துக்கொண்டது.

1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் பல ஆஸ்பத்திரிகள் இந்த நோயாளிகளைத் தொடவே தயங்கின. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்குக் காசநோய் சுலபமாகத் தொற்றும் என்பதால் அவர்கள் வந்து சேர்ந்த இடம் சானடோரியம். 1993லிருந்து அங்கே அவர்களை உள்நோயாளிகளாகச் சேர்த்தார்கள். பிறகு நாட்டிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக அது வளர்ந்தது. 2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களின் பட்டியலில் தாம்பரமும் இருந்தது.

அந்த வார்டுகளுக்கு நோயாளிகள் பல வழிகளில் வந்தார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டதால் வந்தவர்கள் அதில் சிறிய பங்குதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிலைமை தனி. தங்கள் நோய்க்கு இன்னொருவர் பொறுப்பு என்று கோர்ட்டில் சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். சொன்னார்களா, சொல்ல முடிந்ததா என்பதுதான் மீதிக் கதை.

ரத்தம் விலைக்குக் கிடைத்த காலம்

தொண்ணூறுகளின் பாதிவரை இந்தியாவில் ரத்தம் ஒரு விற்பனைப் பொருள். ஆஸ்பத்திரி வாசலிலேயே காசுக்கு ரத்தம் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். குடும்பத்தில் யாரும் கொடுக்க முடியாவிட்டால், கொஞ்சம் பணத்தைக் கொடுத்து ஆள் பிடித்து வருவது சாதாரண விஷயம். வறுமையில் அடிக்கடி ரத்தம் விற்கிறவருக்குத் தன் நோயை மறைக்கக் காரணம் உண்டு. அவரிடம் வாங்குகிற கடைக்குக் கேள்வி கேட்காமல் இருக்கக் காரணம் உண்டு.

1990ல் ஏ.எஃப். ஃபெர்குசன் நிறுவனம் மத்திய அரசுக்காக ஓர் ஆய்வு செய்தது. நாட்டில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் ரத்த வங்கிகளில் பாதிக்கு மேல் உரிமமே இல்லாதவை என்று அதில் தெரிந்தது. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு இதை வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஜனவரி 4ல் தீர்ப்பு. எல்லா ரத்த வங்கிகளும் உரிமம் எடுக்க வேண்டும், தேசிய அளவிலும் மாநில அளவிலும் ரத்த மாற்றுக் குழுமங்கள் அமைக்க வேண்டும், காசுக்கு ரத்தம் கொடுப்பதை இரண்டு வருஷத்துக்குள் ஒழிக்க வேண்டும். அப்படித்தான் 1998 ஜனவரி 1 முதல் ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. இன்று ஊருக்கு ஊர் நடக்கும் ரத்ததான முகாம்களுக்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் கவனித்தால், அது இனி வரப்போகிற ரத்தத்தைப் பற்றிய தீர்ப்பு. ஏற்கெனவே ஏறிவிட்ட ரத்தத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அந்தப் பழைய வருஷங்களில் தொற்றிக்கொண்டவர்களைத் தேடிப் பிடிக்கவோ, அவர்களுக்கு ஒரு தொகை கொடுக்கவோ எந்தத் திட்டமும் வரவில்லை.

நோயாளி ஒரு நுகர்வோரா?

அதே சமயத்தில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓடாத மிக்ஸிக்கும் வராத பார்சலுக்கும் வழக்குப் போடலாம். டாக்டர் மேல் போடலாமா? 1994ல் சென்னை உயர் நீதிமன்றம் முடியாது என்றது. டாக்டர் நோயைக் கண்டறிவதும் வைத்தியம் பார்ப்பதும் அந்தச் சட்டம் சொல்லும் ‘சேவை’ ஆகாது, எனவே நோயாளி நுகர்வோர் இல்லை என்பது அதன் முடிவு. வேறு மாநிலங்களில் வேறு மாதிரித் தீர்ப்புகள். எல்லாம் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

1995 நவம்பர் 13ல், இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சென்னையின் கருத்தை ஏற்கவில்லை. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் சேவைதான், நோயாளி நுகர்வோர்தான் என்றது. இந்திய நோயாளிகளின் வரலாற்றில் இது பெரிய நாள்.

கோடு விழுந்ததும் அன்றைக்குத்தான். சட்டத்திலேயே ‘இலவசமாகச் செய்யும் சேவை’ விலக்கப்பட்டிருந்தது. அதனால் நீதிமன்றம் ஆஸ்பத்திரிகளை மூன்றாகப் பிரித்தது. எல்லோரிடமும் காசு வாங்கும் ஆஸ்பத்திரி சட்டத்துக்குள் வரும். சிலரிடம் வாங்கி, ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரியும் வரும். அங்கே இலவசமாகப் படுத்தவரும் நுகர்வோர்தான். எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்றால், அது அரசுடையதோ தனியாருடையதோ, வராது. பேருக்கு ஒரு ரூபாய் பதிவுக் கட்டணம் வாங்கினாலும் வராது. ‘நான் வரி கட்டுகிறேனே, அது காசு இல்லையா?’ என்ற வாதமும் எடுபடவில்லை.

2019ல் புது நுகர்வோர் சட்டம் வந்தது. இலவச சேவைக்கான விலக்கு அதிலும் அப்படியே தொடர்கிறது.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம் என்பது இங்கே பல தலைமுறை அரசியலின் சாதனை. குரோம்பேட்டை ஜி.எச்.சுக்குப் பிரசவத்துக்குப் போகிற பெண் பில் கட்டாமல் குழந்தையோடு வீடு திரும்புவது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பெருமையே சட்டத்தில் அவளுக்கு ஒரு குறையாக மாறிவிடுகிறது. காசு வாங்காததால் நீ நுகர்வோர் இல்லை, வேறு வழி பார்த்துக்கொள் என்கிறது.

வேறு வழி என்றால்?

ஒன்று, சிவில் வழக்கு. இதில் எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு மகாராஷ்டிராவின் அச்சுதராவ் வழக்கைப் பார்க்கலாம். 1963ல் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் டவலை வைத்துத் தைத்துவிட்டார்கள், அவர் இறந்துபோனார். குடும்பத்துக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்த தொகை 36,000 ரூபாய். உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது 1996ல். முப்பத்து மூன்று வருஷம். அரசு ஊழியரின் அலட்சியத்துக்கு அரசுதான் பொறுப்பு என்ற கொள்கை அந்த வழக்கில் உறுதியானது உண்மை. ஆனால் ஒரு ஏழைக் குடும்பத்தால் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியுமா? இது தவிர கோர்ட் கட்டணம். தமிழ்நாட்டில் 2017வரை கேட்கும் தொகையில் ஏழரை சதவீதம். அதன்பின் மூன்று சதவீதம். 25 லட்சம் கேட்டால் 75,000 ரூபாய் வாசலிலேயே வைக்க வேண்டும்.

இரண்டாவது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அரசியல் சாசனத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை அரசு மீறிவிட்டது, அதற்கு ஈடு கொடு என்று கேட்பது. இந்த வழியை 1996ல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் சங்கம் ஒன்றின் வழக்கு மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. ரயிலிலிருந்து விழுந்து அடிபட்டவரை கல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிய வழக்கு அது. உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ரிட் வேகமானது, கட்டணமும் குறைவு. ஆனால் அதில் சாட்சி விசாரணை வழக்கமாக இருக்காது. தவறு நடந்ததா என்பதிலேயே தகராறு என்றால், சிவில் கோர்ட்டுக்குப் போ என்று அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. தவறு வெளிச்சமாகத் தெரிய வேண்டும். அல்லது அரசே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாத்தூரில் நடந்தது அதுதான்.

சாத்தூர், 2018

2018 டிசம்பர் 3. ரத்தசோகை இருந்த ஒரு கர்ப்பிணிக்கு சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் சிவகாசி அரசு ரத்த வங்கியிலிருந்து வந்தது. நவம்பர் கடைசியில் ஓர் இளைஞர் தானமாகக் கொடுத்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது.

இது எப்படித் தெரியவந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். எந்த அதிகாரியும் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது அந்த இளைஞருக்குத் தன் தொற்று தெரிந்தது. உடனே அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார், என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. 2016லேயே ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. விஷயம் வெடித்த சில நாட்களில் அவர் விஷம் குடித்தார். டிசம்பர் 30ல் இறந்தார்.

இந்தச் சங்கிலியில் தன் கடமையைச் சரியாகச் செய்தவர் என்று நான் நினைப்பது அவரைத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களின் தனியுரிமையைக் காக்கும் 2017ஆம் வருஷச் சட்டம் அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர் 10ல். அதற்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை. அரசு தவறை மறுக்கவில்லை. வேலை தருகிறோம், உதவி செய்கிறோம் என்றது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஜூலையில் 25 லட்சம் ரூபாய் இழப்பீடும், குடியிருக்க ஒரு வீடும் கொடுக்க அரசுக்கு உத்தரவு வந்தது.

சம்பவத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் தீர்ப்பு. நம்ம ஊர் வேகத்துக்கு இது மின்னல். ஆனால் இந்த வேகத்துக்குக் காரணம் என்ன? கொடையாளர் தானே முன்வந்து சொன்னார். அரசு ஒப்புக்கொண்டது. தொலைக்காட்சிகள் விடவில்லை. கொடையாளர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? அந்தப் பெண்ணுக்குச் சில வருஷம் கழித்து உடம்பு மெலியும்போதுதான் தெரிந்திருக்கும். அப்போது அக்கம்பக்கம் கேட்கும் முதல் கேள்வி ரத்தத்தைப் பற்றியதாக இருந்திருக்காது.

பன்னிரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தால்

அப்படிப்பட்ட வழக்கும் ஒன்று இருக்கிறது. 2002ல் ஆபரேஷன் பராக்ரம் சமயத்தில், ஜம்முவின் சாம்பா ராணுவ மருத்துவமனையில் ஒரு விமானப்படை வீரருக்கு ஒரு யூனிட் ரத்தம் ஏற்றப்பட்டது. தொற்று தெரிந்தது 2014ல். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. 2023 செப்டம்பர் 26ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, 1 கோடியே 54 லட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

தொகையைவிட முக்கியம், அதற்கு நீதிமன்றம் போன பாதை. ரத்தத்தை ஏற்றியவரும் ஆஸ்பத்திரி, பரிசோதனை ஆவணங்களை வைத்திருக்க வேண்டியவரும் ஆஸ்பத்திரி. சம்பவமே தன் கதையைச் சொல்லும்போது, இது எப்படி நடந்தது என்று நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் தவறில்லை என்று ஆஸ்பத்திரிதான் காட்ட வேண்டும் என்றது. 2017 சட்டத்தின் 34வது பிரிவின்படி இப்படிப்பட்டவர்களின் வழக்கில் பெயரை மறைக்கவும், முன்னுரிமை கொடுத்து விசாரிக்கவும் எல்லா நீதிமன்றங்களும் ஆணையங்களும் வழி செய்ய வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் வக்கீல் வீட்டு வாசலோடு திரும்பியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆளுக்கொரு தொகை

2025 அக்டோபரில் ஜார்க்கண்டின் சாய்பாசாவில், தலசீமியாவுக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மாநில அரசு அறிவித்த உதவி, குடும்பத்துக்கு 2 லட்சம். சாத்தூருக்கு 25 லட்சம், சாய்பாசாவுக்கு 2 லட்சம், வீரருக்கு ஒன்றரைக் கோடி. நோய் ஒன்றுதான். தொகையைத் தீர்மானித்தது எந்த மாநிலம், எந்த வாசல், எவ்வளவு சத்தம் என்பவைதான்.

பிரிட்டனிலும் இப்படித்தான் பல வருஷம் இழுத்தார்கள். எழுபது, எண்பதுகளில் அங்கே கெட்டுப்போன ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் 30,000க்கும் மேற்பட்டவர்கள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு ஆளானார்கள். சுமார் 3,000 பேர் இறந்தார்கள். சர் பிரையன் லாங்ஸ்டாஃப் விசாரணைக் குழுவின் அறிக்கை 2024 மே 20ல் வந்தது. இழப்பீட்டுக்கென்றே தனி ஆணையம் சட்டப்படி அமைந்தது. அரசு 1,180 கோடி பவுண்டு ஒதுக்கியது. அங்கேயும் வைத்தியம் இலவசம்தான். இலவசம் என்பதால் ஈடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அரசு கொடுத்த ரத்தம் என்பதால்தான் அரசு கொடுக்க வேண்டும் என்றார்கள்.

இன்று, இங்கே

வரலாறு போதும், நாளைக்கு நமக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். கேஸ் ஷீட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏற்றிய ரத்தப் பையின் எண். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர்கள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் வருஷ மருத்துவ கவுன்சில் விதி. அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். ரத்த வங்கி தன் பதிவேடுகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பையின் எண் கையில் இருந்தும் பயன் குறைவு. ரத்தம் ஏற்றுவதற்கு முந்தைய பரிசோதனை முடிவு இருந்தால் அது தங்கம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்பத்திலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவிடுவார்கள், அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

காசு கட்டிய ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு வருஷம். தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால் ஏற்கலாம். எல்லோருக்கும் இலவசமான அரசு ஆஸ்பத்திரி என்றால் ரிட் அல்லது சிவில் வழக்கு. சானடோரியம் ஸ்டேஷனில் ஏறினால் அதே தண்டவாளம் உயர் நீதிமன்றத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் வக்கீல் இல்லாமல் வழக்கை நடத்துவது கஷ்டம், வக்கீலுக்குக் காசு?

இங்கேதான் 1987ஆம் வருஷ சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வருகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. கோர்ட் கட்டணமும் இந்த உதவிக்குள் அடங்கும். தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு அங்கேயே தனிக் குழு. தொலைபேசி எண் 15100. மருந்து வாங்க மாதாமாதம் வரிசையில் நிற்கிறவர்களுக்கு, அந்த வரிசையின் பக்கத்திலேயே இந்த எண்ணை எழுதிப் போட்டால் என்ன செலவாகும்?

ஆனால் எண் மட்டும் போதாது. இன்றைய ரத்த வங்கிகள் முப்பது வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. இருந்தாலும் தொற்றின் ஆரம்ப நாட்களில் சாதாரணப் பரிசோதனையில் கிருமி தென்படாத ஓர் இடைவெளி உண்டு. நியூக்ளிக் அமிலப் பரிசோதனை அதைச் சுருக்கும், முழுசாக மூடாது. அதாவது யாரும் தவறு செய்யாமலேகூட இது எப்போதாவது நடக்கலாம். அப்போது அலட்சியத்தை நிரூபி என்று நோயாளியிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை. யாருக்கு, எந்த ஊரில் நடந்தாலும் வழக்கில்லாமல், பேர் வெளியே தெரியாமல், முன்கூட்டியே முடிவு செய்த ஒரு தொகையைக் கொடுக்கும் நிதி ஒன்று மாநிலத்தில் இருக்க வேண்டும். இலவச வைத்தியத்தை உரிமை என்று இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்த மாநிலம் இது. அந்த வைத்தியம் தவறிப்போனால் ஈடு கேட்பதையும் உரிமையாக்குவதுதான் அதன் அடுத்த படி.